பெரும்பாவூரிலிருந்து ஆறு எண்கள்

ஆகஸ்ட் 9, 2021. திங்கள்

ஜெபராணி அக்கா இந்த டைரியைத் தந்தாள். ஜனவரியில் பேப்பர் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்தது. ஏழு மாதமாகப் பசை டப்பாவுக்கு அடியில் கிடந்து அட்டையில் வட்டமாகக் கறை. "வாயத் திறந்து பேசத்தான் மாட்டேங்க. எழுதவாச்சும் செய்யிட்டி" என்றாள்.

கடை சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஜெபா கம்ப்யூட்டர்ஸ். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், பிளக்ஸ் டிசைன். ஜூன் மாதத்திலிருந்து வேலை முக்கால்வாசி தடுப்பூசிச் சான்றிதழ்தான். ஊசி போடும்போது எந்த போன் எண்ணைக் கொடுத்தார்களோ அதைக் கேட்டு கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஆறு இலக்கத்தில் ஓடிபி வரும். மூன்று நிமிடத்துக்குள் அதைச் சொன்னால் சான்றிதழ் வெளியே வரும். கேட்பது அக்கா, அடிப்பது நான்.

இன்று காலையில் சங்கரலிங்கம் அண்ணாச்சி என்று ஒருவர் வந்தார். அவரிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்து ஊசி போட்டிருக்கிறார்.

"அவருட்ட ஒரு எட்டுப் போயி ஓடிபியக் கேட்டுட்டு வாங்களேன் அண்ணாச்சி."

"அவன் சொல்ல மாட்டான் தாயி. சாக்கடை விசயமா அவனுக்கும் எனக்கும் போன வாரம் கைகலப்பு."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு தடவ குடுத்த நம்பரு குடுத்ததுதான். மாத்த முடியாது."

"என் கையில குத்துன ஊசிக்கு அவன் பெர்மிசன் குடுக்கணுமாக்கும்!"

அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். இருமியதைப் பார்த்து வரிசையில் நின்ற எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள்.

மாலையில் எங்கள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. பட்டன் போன். அம்மா தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போவதால், இரைச்சலில் கேட்காது என்று அது என்னிடம்தான் இருக்கும். இங்கிலீஷில் இருந்தது. வேலாயுதம் அவர்களே, வாழ்த்துகள், முதல் தவணைத் தடுப்பூசி உங்களுக்கு வெற்றிகரமாகப் போடப்பட்டது.

வேலாயுதம் என் அப்பா.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10

அப்பா வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. ஒரு போன்கூட இல்லை. அவருடைய பழைய எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் இரண்டு மொழியில் சொல்வாள். தெருவில் சிலர் பம்பாய்ப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார்கள். சிலர் வேறு மாதிரியும் சொன்னார்கள். அதை எழுத மாட்டேன்.

நேற்று யாரோ அப்பாவிடம் போன் எண் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா இந்த எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இது ஒன்றுதான். அதனாலும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 14. சனி

அக்கா சாப்பிடப் போயிருந்தபோது எங்கள் எண்ணை அடித்தேன். என் மடியிலிருந்த போனுக்கு வந்த ஓடிபியைப் பார்த்து நானே அடித்தேன். திருடுகிற மாதிரி இருந்தது. அப்பா பெயர், வயது நாற்பத்தாறு, ஆண். ஊசி போட்ட இடம் பெரும்பாவூர், எர்ணாகுளம். அடுத்த தவணை எண்பத்து நான்கு நாள் கழித்து, நவம்பர் தொடக்கத்தில்.

பிரிண்ட் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் கேரளா வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பெரும்பாவூர் பக்கத்தில் ஆறு ஓடுகிறது. அதற்குள் ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் கேட்டு வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 22. ஞாயிறு

வீட்டில் இருந்தேன். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஓடிபி.

நான் எதையும் அடிக்கவில்லை. கடையும் பூட்டிக் கிடக்கிறது. எங்கள் எண்ணை வேறு எங்கோ யாரோ கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறார்கள். அது யார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பா எங்கள் கடை மாதிரி ஒரு கடையில் நிற்கிறார். என்னை மாதிரி யாரோ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஓடிபி என்ன என்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பா இப்போது இங்கே போன் பண்ணியாக வேண்டும்.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நிமிடம் போனது. அதற்குப் பிறகும் நின்றேன்.

"ஏட்டி, போன வச்சுக்கிட்டு என்ன சாமி கும்புடுதியா?" என்று அம்மா கேட்டாள்.

ஆகஸ்ட் 23

அதைத் திரும்ப அழைக்க முடியாது. ஓடிபி அனுப்புகிற இடம் போன் எண் இல்லை. வெறும் எழுத்துகள்.

செப்டம்பர் 1. புதன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். என்னோடு ஒன்பதாவது படித்தவர்கள் இப்போது பதினொன்று. நான்கு பேர் சீருடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். நான் லேமினேஷன் மெஷினுக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர்கள் போகிறவரை தேடினேன்.

"கெடச்சுதா?" என்றாள் அக்கா.

செப்டம்பர் 5. ஞாயிறு

மறுபடியும் ஓடிபி. போன் வரவில்லை. யாரும் கேட்காத எண்ணைச் சுவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக, கடையில் அக்கா சொல்கிற மாதிரி.

செப்டம்பர் 12. ஞாயிறு

தமிழ்நாடு முழுக்க இன்று மெகா முகாம். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். எங்கள் தெருவுக்கு முகாம் ரைஸ்மில் எதிரே உள்ள பள்ளிக்கூடத்தில். நர்சம்மா நேற்றே வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒருத்திதான் இந்தத் தெருவுல பாக்கி. ஊசின்னா அம்புட்டு பயமா?"

"எனக்கென்ன பயம். இருக்க வேண்டிய ஆளே போயிட்டான். எனக்கு எதுக்கு ஊசி?"

போயிட்டான் என்று அம்மா சொன்னது இசக்கி மாமாவை. அம்மாவின் தம்பி. இருபத்தொன்பது வயது. எங்களோடுதான் இருந்தார்.

நர்சம்மா கோபப்படவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஒந்தம்பி மாதிரி எத்தன பேர நான் வண்டியில ஏத்திவிட்டேன் தெரியுமா. அப்ப இந்த மருந்து இல்ல. இப்ப இருக்கு. நாளைக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா போனாள். நானும் கூடப் போனேன். ஜெபராணி அக்காதான் அங்கே மேசை போட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தாள். கூட்டம் அதிகம் என்பதால் கம்ப்யூட்டர் தெரிந்த ஆட்களை ஒரு நாளைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் எண்ணை அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடித்தாள். பிறகு திரையைப் பார்த்தபடி கையை எடுத்துவிட்டாள்.

"ஏக்கா, ஒங்க நம்பர்ல ஏற்கெனவே ஒரு ஆளு இருக்கே. வேலாயுதம். மொத ஊசி போட்டாச்சுன்னு இருக்கு."

ஒரு எண்ணில் நான்கு பேரைச் சேர்க்கலாம் என்று எனக்குத் தெரியும். சேர்க்கப் போகும்போது முன்னால் இருக்கிற பெயர் தெரியும் என்பதும் தெரியும். தெரிந்துதான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேனா என்று இப்போது யோசிக்கிறேன்.

அம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள். பின்னால் நின்றவர் "வரிசை நவுருமா" என்றார்.

"எந்த ஊருலயாம்?" என்றாள்.

"பெரும்பாவூர்" என்று நான் சொன்னேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மா உள்ளே போய்க் கையை நீட்டினாள். திரும்பி வரும்போது திரையில் இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

செப்டம்பர் 13

அம்மாவுக்குக் காய்ச்சல். ஊசி போட்டால் ஒருநாள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் துணி நனைத்து நெற்றியில் போட்டேன்.

"எத்தன நாளா ஒனக்குத் தெரியும்?"

சொன்னேன். ஓடிபி வருவதையும் சொன்னேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

துணியைத் திருப்பிப் போட்டேன். அம்மாவே பேசினாள், சுவரிடம்.

"போன வருசம் மெட்ராஸ் ஓட்டல் வேலையிலேர்ந்து காய்ச்சலோட வந்தாரு. தெருவுல ஒருத்தன் பக்கத்துல வரல. இசக்கிதான் பைக்குல பின்னால ஒக்கார வச்சு, நழுவிருவாருன்னு துண்டால தன்னோட சேத்துக் கட்டிக்கிட்டுப் போனான். ஒங்கப்பா பொழச்சு வந்தாரு. இவனுக்குத் தொத்திக்கிச்சு. அவன் வரல."

அதெல்லாம் எனக்குத் தெரியும். வாசலில் நின்று பார்த்தவள் நான்.

"பதினாறாம் நாளு, நீங்க அங்கனயே கெடந்திருக்கக் கூடாதான்னு கேட்டுட்டேன். அந்த ஒரு வார்த்ததான். மறுநா காலையில பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

அதுவும் எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை அம்மா அன்றைக்கு ஒருமுறை மட்டும் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலில் இருக்கிறவளிடம் அதைச் சொல்வானேன். துணியை மறுபடி நனைத்துப் போட்டேன்.

அக்டோபர் 3. ஞாயிறு

ஓடிபி வந்தது. அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் அணைந்தது. அம்மா ஒரு பட்டனை அழுத்தி மறுபடி வெளிச்சம் வர வைத்தாள்.

அக்டோபர் 21. வியாழன்

நாட்டில் நூறு கோடி ஊசி போட்டு முடித்துவிட்டார்களாம். காலையிலிருந்து டிவியில் அதுதான். கடையில் நிற்க இடமில்லை. வர்த்தகர் சங்கம், ஆட்டோ ஸ்டாண்டு, பூ மார்க்கெட், இரண்டு வார்டுக்காரர்கள் என்று எல்லாருக்கும் சாயங்காலத்துக்குள் பிளக்ஸ் வேண்டும்.

ஆட்டோ ஸ்டாண்டு செயலாளர் தன் போட்டோவைக் கொண்டுவந்தார். கையில் ஊசி குத்தும்போது எடுத்தது.

"இதப் பெருசா நடுவுல போடு."

"கண்ண மூடி, பல்லக் கடிச்சிட்டு இருக்கீங்களேண்ணே" என்றாள் அக்கா.

"அதாம்மா தியாகம்."

"நூறு கோடிப் பேரும் இந்தத் தியாகத்தத்தான் பண்ணிருக்காக."

"அவுக பண்ணாங்க. பிளக்ஸ் யாரு போடுதா? நாந்தான போடுதேன்."

நூறு கோடியை எண்ணாலும் போட வேண்டும் என்றார்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்பது சுழி. அடித்து முடித்ததும் திரையில் அது சின்னதாகத்தான் இருந்தது. இழுத்துப் பெரிதாக்கினேன். இதில் எங்கள் வீட்டுடையது இரண்டு. ஒன்று பெரும்பாவூரில் போட்டது, ஒன்று ரைஸ்மில் எதிரே போட்டது. அந்த இரண்டை எடுத்துவிட்டால் இந்தச் சுழிகள் எல்லாமே மாறிப்போகும். கணக்கு வாத்தியார் முன்பு இதைச் சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும்.

சாயங்காலம் நகராட்சி அலுவலகத்தில் நர்சம்மாக்களுக்குச் சால்வை போட்டார்கள். எங்கள் தெரு நர்சம்மாவுக்கும் போட்டார்கள். வெடி வெடித்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் லட்டு. அக்கா எனக்கு இரண்டு வாங்கிவந்தாள். ஒன்றை அம்மாவுக்குக் கொண்டுபோனேன்.

"என்ன விசேசம்?"

"நூறு கோடி ஊசி போட்டாச்சும்மா."

"அங்கயும் லட்டு குடுத்திருப்பாகளா?"

எங்கே என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 4. தீபாவளி

அப்பாவின் இரண்டாவது தவணை நாள் திங்களோடு வந்துவிட்டது. மெசேஜ் வரவில்லை. வேட்டுச் சத்தத்தில் போன் அதிர்வது தெரியாமல் போய்விடும் என்று இடுப்பில் செருகிக்கொண்டேன். வந்ததெல்லாம் ரீசார்ஜ் கம்பெனியின் தீபாவளி வாழ்த்துதான்.

நவம்பர் 9

"ஒண்ணு போட்டவுக ரெண்டாவது போடலைன்னா என்னட்டி ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. பிந்திப் போட்டாலும் போடலாம்."

"போட முடியாம ஆளு படுத்துக் கெடந்தா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டோடு எழுந்துவிட்டேன்.

நவம்பர் 14. ஞாயிறு

மழை. ஓடிபி இல்லை, மெசேஜ் இல்லை. கேரளாவில் இதைவிடப் பெரிய மழை என்று டிவியில் காட்டினார்கள். பெரும்பாவூர் பெயர் வருகிறதா என்று செய்தி முடிகிறவரை பார்த்தேன்.

நவம்பர் 21. ஞாயிறு

வந்துவிட்டது! வேலாயுதம் அவர்களே, வாழ்த்துகள். இரண்டு தவணையும் முடிந்தது என்று போட்டிருந்தது.

தறிக்கூடத்தில் அவசர வேலை என்று அம்மா போயிருந்தாள். அங்கே ஓடினேன். நான் அதற்குள் போனதே இல்லை. எல்லாரும் பார்ப்பார்கள் என்று வெளியிலேயே நின்று கூப்பிடுவதுதான் வழக்கம். இன்று உள்ளே போய்விட்டேன். இரைச்சலில் நான் சொன்னது காதில் விழவில்லை. இரண்டு விரலைக் காட்டினேன். அம்மாவுக்குப் புரிந்தது. நூல் அறுந்துபோய்ச் சும்மா சுற்றிக்கொண்டிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

இரவு சாப்பிடும்போது கேட்டாள். "அப்ப இனிமே அவரால யாருக்கும் ஒண்ணும் வராதுல்லா?"

முகக்கவசம் போட வேண்டும், இரண்டு ஊசி போட்டாலும் கவனமாக இருக்க வேண்டும் என்று கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தினமும் படிக்கிறேன்.

"வராதும்மா" என்றேன்.

டிசம்பர் 1. புதன்

இன்றிலிருந்து கேரளாவுக்கு பஸ் விட்டிருக்கிறார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடாமல் இருந்தது. அங்கிருந்து செங்கோட்டை வழியாகத் தென்காசி வந்து, அங்கே மாறினால் எங்கள் ஊர். மதியம் பேப்பர் கட்டு வாங்கிவர அக்கா என்னை அனுப்பினாள். பேருந்து நிலையத்துக்குள் புகுந்து போனேன். தென்காசி வண்டி வந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். கண்டக்டர் "ஏறுதியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பேப்பர் கட்டு வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 5. ஞாயிறு

அம்மாவுக்கும் இரண்டாவது முடிந்தது. இந்த முறை நர்சம்மா அம்மாவை வரிசையில் முன்னால் விட்டார். எனக்குப் பதினாறு. என் வயதுக்காரர்களுக்கு இன்னும் தொடங்கவில்லை. நர்சம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "ஒனக்கும் வரும், பொறு" என்றார்.

டிசம்பர் 12. ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம். அம்மா புறவாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. ஓடிபி. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. தெரியாத எண். தெரியாத எண்களை நான் எடுப்பதில்லை. எடுத்தேன்.

"ஹலோ, வேலாயுதண்ணன்றெ வீடல்லே? அதில் ஒரு ஓடிபி வந்நிட்டுண்டு. ஒண்ணு பறயாமோ?"

ஒரு ஆண் குரல். ஓடிபியைச் சொல்லச் சொல்கிறார் என்பது புரிந்தது. "எதுக்கு?" என்றேன்.

அவர் தமிழுக்கு மாறினார். "சர்ட்டிபிகேட்ல பாஸ்போர்ட் நம்பர் சேர்க்கணும். மாலத்தீவு போகுது அண்ணன். வேகம் பற, மோளே. டைம் போகுது."

நான்கு மாதமாக இந்தப் போனுக்காகத்தான் காத்திருந்தேன். எண்ணைச் சொன்னால் அப்பா கடல் தாண்டிப் போய்விடுவார்.

"அவருட்ட போனக் குடுங்க."

"நம்பர் போதும், மோளே."

"குடுங்க!"

இவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. புறவாசலில் துணி அடிக்கிற சத்தம் நின்றது.

அந்தப் பக்கம் போன் கை மாறியது. மூச்சு கேட்டது. அப்புறம், "கோமு."

கோமதி என்ற என்னை அப்படிக் கூப்பிடுவது அவர் மட்டும்தான்.

"நல்லா இருக்கியாட்டி?"

"ம்."

"அம்மா?"

"ம்."

"பள்ளிக்கூடம் போறியா?"

இதற்கு ம் சொல்ல முடியவில்லை. "கடையில வேல பாக்கேன்" என்றேன். பின்னால் அந்த ஆள் ஏதோ அவசரப்படுத்தினார்.

"அந்த நம்பரச் சொல்லும்மா. மாலத்தீவுல ஒரு ஓட்டல்ல பரோட்டா மாஸ்டர் வேல. ரெண்டு வருசத்துக்கு. இங்க ஏஜெண்டு நிக்காரு."

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக. ஐந்தாவது எண் எட்டு. ஒன்பது என்று சொன்னேன்.

"தப்புன்னு வருதாம்."

"அப்ப மறுபடி அனுப்பச் சொல்லுங்க."

அது வருவதற்குள் கேட்டேன். "முன்னாடியும் வந்துச்சே. மூணு தடவ. ஏன் கூப்பிடல?"

"அது… சும்மா. மெட்ராஸ்ல இருக்கும்போது கடை அடச்சதும் மிஸ்டு கால் குடுப்பேன்லா, அந்த மாதிரி. இங்கன கடைக்காரத் தம்பிட்ட நம்பர அடிக்கச் சொல்லிட்டு, வேற நாளு வாரேன்னு போயிருவேன். அந்த நம்பரு அணைஞ்சு போகலன்னு தெரிஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

"கூப்பிட்டிருக்கலாம்லா."

"என்ன மொகத்த வச்சுக்கிட்டு கூப்புட?"

போன் அதிர்ந்தது. அடுத்த ஓடிபி. இந்த முறையும் தப்பாகச் சொல்லலாம். அடுத்த முறையும். எத்தனை முறை சொல்ல முடியும்? அப்போது அம்மா வந்து போனை வாங்கினாள். கையெல்லாம் சோப்பு. அவளுக்கு எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். திரையைப் பார்த்தாள். கிட்டத்தில் வைத்தால் தெரியாதது போல் தூர வைத்துப் பார்த்தாள். பிறகு காதில் வைத்தாள்.

"நாந்தான் பேசுதேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

"இசக்கி தெவசத்துக்கும் நீங்க வரல. எல்லாரும் வந்துட்டாவ. அவன் இருந்தா யாரத் தேடிருப்பான்?"

அப்பா ஏதோ பேச ஆரம்பித்தார். அம்மா கேட்கவில்லை.

"நம்பர எழுதிக்கிடுங்க. ஆறு. ரெண்டு. சைபரு. அஞ்சு."

அதோடு நிறுத்திக்கொண்டாள். நான் கிட்டே போய் "இன்னும் ரெண்டு இருக்கும்மா" என்றேன். தெரியும் என்பது போல் என்னைப் பார்த்தாள்.

"மிச்சம் ரெண்டு நம்பரு வீட்டுல இருக்கு. வந்து வாங்கிக்கிடுங்க."

போனை அணைத்து என்னிடம் கொடுத்தாள். "சோப்பு பட்டுருச்சு பாரு, தொடச்சு வைய்யி" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். வெகுநேரம் துவைத்தாள். ஒரே துணியை.

டிசம்பர் 13

ஓடிபி வரவில்லை. இன்றைக்கு அது வரக் கூடாது. வந்தால், மறுபடி முயற்சி செய்கிறார், போகத்தான் போகிறார் என்று அர்த்தம். இத்தனை நாள் அதிராதா என்று பார்த்த போனை, அதிரக் கூடாது என்று துணிக்குள் சுற்றி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 15

அதிர்ந்தது. துணியைப் பிரித்துப் பார்த்தேன். ரீசார்ஜ் கம்பெனி. புதுத் திட்டமாம். அந்த கம்பெனிக்காரனை எங்கே பார்த்தாலும் விட மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். "ஏயப்பா, எங்க கடை ஊமைக்குக் கோவம் வருது" என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

அம்மா எதுவும் கேட்பதில்லை. காலையில் போகும்போது மட்டும் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

டிசம்பர் 17. வெள்ளி

கடை விட்டு வரும்போது எங்கள் வீட்டுக்கு எதிரே தெருக்குழாய்ப் பக்கம் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். முகக்கவசம் போட்டிருந்தார். தோளில் பை. முன்னைவிட மெலிவு. முடி பாதி வெளுத்திருந்தது. நான் கிட்டே போனதும் அவர் இரண்டடி பின்னால் போனார். பழக்கத்தில் போகிற மாதிரி.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்." பொய். குழாயடியில் குடத்தோடு இருந்த அக்காமார்கள் பார்த்துக்கொண்டிருந்த விதத்திலேயே அவர் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று தெரிந்தது.

"உள்ள வாங்க."

"இருக்கட்டும். அம்மா வரட்டும்."

அம்மா வந்தாள். அவரைப் பார்த்தாள். நின்றாள். தலையிலிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவரைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். அவர் எங்கள் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றார். அதற்குமேல் ஏறவில்லை. சட்டைக் கையை மேலே சுருட்டி, இரண்டு ஊசியும் போட்ட இடத்தைக் காட்டினார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

"ரெண்டும் போட்டாச்சு" என்றார்.

"மெசேஜு வந்துச்சு" என்றாள் அம்மா.

தெருவில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த ரெண்டு நம்பரு என்னது?"

அம்மா கதவை இன்னும் நன்றாகத் திறந்து, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"மறந்துபோச்சு" என்றாள்.